பச்சை லேபிளுக்குக் கூடுதல் காசு: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

மளிகைக் கடை அலமாரியில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு இருக்கிறது. ஒன்று 100 ரூபாய். பக்கத்தில் இருப்பது 180 ரூபாய், மேலே ஒரு வேப்பிலைப் படம், ‘இயற்கையானது, பூமிக்கு நல்லது’ என்று பச்சை எழுத்து. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 180 ரூபாய் பாட்டிலைக் கூடையில் போடுகிறோம். எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடமாக இதுதான் நடந்தது; அரிசி, எண்ணெய், சோப்பு, துணி, பை என்று ஒவ்வொன்றாக ‘நல்லதுக்கு’ மாற்றிக்கொண்டே வந்தோம், மாதச் செலவும் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பார்த்தேன். கூடுதலாகக் கொடுத்ததில் ஒரு பங்கு நியாயமான காசு, விவசாயிக்கும் செக்குக்காரருக்கும் போய்ச் சேர்ந்த காசு. இன்னொரு பங்கு வெறும் அட்டைப்பெட்டிக்கும் அதன் மேல் அடித்த பச்சை மைக்கும் போனது. இந்த இரண்டையும் கடையில் நிற்கும்போதே பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முறை ஒன்றும் பெரிதில்லை. பொருளைக் கையில் எடுத்ததும் ஒரு கேள்வி: இந்தக் கூடுதல் 80 ரூபாய் யாருக்கு, எந்த வேலைக்குப் போகிறது? பதில் தெரிந்து, அந்த வேலை நடக்க வேண்டும் என்று நமக்கும் தோன்றினால் வாங்கலாம். பதிலே கிடைக்கவில்லை என்றால் 100 ரூபாய் பாட்டிலே போதும். ஆனால் அதற்கு முன்னால் நம் மனசு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேள்வி வாய்க்கு வருவதற்குள் பாட்டில் கூடைக்குள் போயிருக்கும்.

கை ஏன் அந்தப் பக்கம் போகிறது

முதல் காரணம் பயம், பயம் என்பதைவிட அக்கறை. மருந்தடிக்காத கத்திரிக்காய் கேட்பவர்களில் பெரும்பாலானோர் மண்ணையும் மண்புழுவையும் நினைத்துக் கேட்பதில்லை, வீட்டில் இருக்கும் குழந்தையை நினைத்துத்தான் கேட்கிறார்கள். இதில் தப்பே இல்லை. ஆனால் இந்த அக்கறை நம்மைக் கொஞ்சம் அவசரக்காரர்களாக ஆக்கிவிடுகிறது. 2010-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. ஒரே மாதிரி பிஸ்கட்டை ‘ஆர்கானிக்’ என்று சொல்லிக் காட்டியபோது அதில் கலோரி குறைவு என்று மக்கள் மதிப்பிட்டார்கள். ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான், அதில் கலோரி குறைய வழியே இல்லை. இங்கேயும் அதேதான். நாட்டுச்சர்க்கரை போட்டது என்று எழுதியிருந்தால் சர்க்கரை நோய் உள்ளவர்கூட இரண்டு மூன்று எடுத்துக்கொள்கிறார். ஒரு நல்ல விஷயத்தைக் கேட்டதும் மற்ற எல்லாமே நல்லதாக இருக்கும் என்று மனசு தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

அடுத்தது மனநிறைவு. உண்டியலில் பத்து ரூபாய் போட்டுவிட்டு வெளியே வரும்போது நெஞ்சில் ஒரு இதம் இருக்குமே, அது. ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1990-ல் இதைப் பற்றி எழுதினார்: பிறருக்கு நன்மை சேர வேண்டும் என்பதற்காக மட்டும் மனிதர்கள் கொடுப்பதில்லை, கொடுப்பதில் கிடைக்கும் அந்த இதத்துக்காகவும் கொடுக்கிறார்கள் என்று. நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. அந்த இதம் இல்லாவிட்டால் பாதி நல்ல காரியம் நடக்காது. ஆனால் பொருள் உண்மையாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும் இதம் ஒரே அளவுதான் வருகிறது, அதுதான் சிக்கல்.

மூன்றாவது, நாலு பேர் பார்ப்பது. இதையும் 2010-லேயே ஆராய்ந்திருக்கிறார்கள், விளாடஸ் கிரிஸ்கேவிசியஸும் அவரோடு வேலை செய்தவர்களும். அந்தஸ்து பற்றிய எண்ணத்தை மனதில் கிளப்பிவிட்டபோது, கடையில் எல்லோர் முன்னாலும் வாங்குவதாக நினைத்தவர்கள் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருளை அதிகம் விரும்பினார்கள். வீட்டில் தனியாக இணையத்தில் வாங்குவதாக நினைத்தவர்களிடம் அது நடக்கவில்லை. அந்தப் பொருள் மற்றதைவிட விலை கூடுதலாக இருந்தபோதுதான் ஈர்ப்பு அதிகம் என்பது இன்னும் கவனிக்க வேண்டியது. கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு மரக்கன்று கொடுக்கிறோம், அதே கல்யாணத்தின் சமையல்கட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. ஆகவே வாங்கும் முன் மனசுக்குள் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இதை நான் வாங்கினேன் என்று ஒருவருக்குக்கூடத் தெரியப்போவதில்லை என்றால் அப்போதும் வாங்குவேனா?

நான்காவதுதான் விற்பவர்களுக்கு ரொம்பப் பிடித்தது: விலையே அத்தாட்சியாக மாறுவது. ‘இந்த விலைக்கு எப்படிங்க ஒரிஜினல் கிடைக்கும்?’ என்று நாமே கேட்கிறோம். கேள்வி நியாயமானது, பல நேரம் அதுவே நம்மைக் காப்பாற்றும். ஆனால் மலிவானது போலியாக இருக்கும் என்றால் விலை கூடியது அசலாக இருக்கும் என்று ஆகிவிடாது.

விலை உண்மையிலேயே எங்கே கூடுகிறது

இதற்குச் செக்கைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு முறையாவது கடலை ஆட்டும்போது போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். வாகை மரத்தில் செய்த உரல், அதே மரத்தில் உலக்கை, இப்போது மாட்டுக்குப் பதில் மோட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். பருப்பைக் கொட்டிய கொஞ்ச நேரத்துக்கு மாவாகத்தான் திரிகிறது. அப்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தெளித்து விடுவார்கள், மாவு கெட்டிப்பட்டு ஓரமாக ஒதுங்கும், நடுவில் எண்ணெய் கலங்கலாக ஊறி வரும். அதைப் பிடித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளிய விட்டால் வண்டல் அடியில் தங்கும். எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்கள், அந்த வாசம் தெரு முனை வரைக்கும் வரும்.

இப்போது கணக்கு. பத்துக் கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் சுமார் நாலு கிலோ எண்ணெய் கிடைக்கும், லிட்டரில் சொன்னால் 4.4 லிட்டர். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 1,200. ஆட்டுக்கூலி ஒரு 100. புண்ணாக்கு ஐந்தரைக் கிலோ தேறும், கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 220 ரூபாய் திரும்பி வரும். ஆக 1,080 ரூபாய்க்கு 4.4 லிட்டர், லிட்டர் 245 ரூபாய். இதில் பாட்டில் இல்லை, கடை வாடகை இல்லை, செக்குக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு பைசா இல்லை. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும், எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கின் அமைப்பு மாறாது: ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ பருப்பு வேண்டும்.

இந்தக் கணக்குத் தெரியாமல் நான் இரண்டு வருடம் ஒரு கடையில் மரச்செக்குக் கடலெண்ணெய் என்று லிட்டர் 190 ரூபாய்க்கு வாங்கினேன். பாக்கெட் எண்ணெயைவிட 30 ரூபாய் கூடுதல் கொடுக்கிறோம், நல்லது செய்கிறோம் என்ற திருப்தி வேறு. அந்த விலைக்கு அந்த எண்ணெயை யாராலும் கொடுக்க முடியாது, பருப்பு விலைக்கே கட்டாது. நான் வாங்கியது என்ன எண்ணெய் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. வருத்தம் 30 ரூபாயைப் பற்றி இல்லை. நேர்மையாக 280 ரூபாய் சொன்ன செக்குக்காரரை ‘அநியாய விலை’ என்று சொல்லிக் கடந்து போனேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெரிய ஆலையில் ஏன் விலை குறைகிறது என்றால், அங்கே பிழிந்த பிறகு புண்ணாக்கில் தங்கும் எண்ணெயையும் ஹெக்ஸேன் என்ற கரைப்பானை ஊற்றிக் கழுவி எடுத்துவிடுவார்கள், அப்புறம் சுத்திகரிப்பு, நிறம் நீக்கம், வாடை நீக்கம். செக்கில் அந்த மிச்ச எண்ணெய் புண்ணாக்கோடு மாட்டுக்குப் போகிறது. நாம் கொடுக்கும் கூடுதல் காசு அந்த ‘கிடைக்காமல் போன எண்ணெய்க்கும்’ சேர்த்துத்தான். இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரச்செக்கு என்பது ஆட்டிய விதத்தைச் சொல்கிறதே தவிர, கடலை விளைந்த காட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மருந்தடித்த கடலையையும் மரச்செக்கில் ஆட்டலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அரிசியில் காசு போகும் இடம் வேறு. ஆடுதுறை 43 மாதிரியான குறுகிய கால ரகம் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா ஏறக்குறைய 160 நாள் வயலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஆள் உயரத்துக்கு வளரும், காற்றுமழை அடித்தால் சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. அந்த நாட்களுக்கும் அந்தக் குறைவுக்கும் சேர்த்துத்தான் விலை. இந்த ரகங்கள் இன்று கடையில் கிடைப்பதே திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் போன்றவர்கள் செய்த வேலையால்தான். விதைத் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியே 170-க்கும் மேற்பட்ட ரகங்களை ஊர் ஊராகப் பரப்பினார். 2018 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். நாம் வாங்கவில்லை என்றால் அடுத்த போகம் அந்த நெல்லை யாரும் போட மாட்டார்கள், மியூசியத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இதில் வெளியே தெரியாத செலவு ஒன்று உண்டு. ரசாயன விவசாயத்திலிருந்து மாறும் நிலத்துக்கு, இந்தியத் தேசிய இயற்கை விளைபொருள் விதிமுறைப்படி நெல், காய்கறி மாதிரியான பயிர்களுக்கு இரண்டு வருடமும், மா, தென்னை மாதிரி நீண்ட காலப் பயிர்களுக்கு மூன்று வருடமும் மாறுதல் காலம். அந்தக் காலத்தில் ரசாயன உரமும் போட முடியாது, முழு ஆர்கானிக் என்ற பெயரில் விற்கவும் முடியாது. விளைச்சல் விழும், விலை ஏறாது. அந்த இரண்டு வருட நஷ்டத்தை விவசாயி கடன் வாங்கித்தான் தாங்குகிறார். பிற்பாடு நாம் கொடுக்கும் கூடுதல் விலையில் அந்தக் கடனும் ஒரு பகுதி.

சில கூடுதல் விலை நிரந்தரம் இல்லை, உற்பத்தி சின்ன அளவில் இருக்கும் வரைதான். எல்இடி பல்பை நினைத்துப் பாருங்கள். 2014-ல் அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தபோதே ஒன்று 310 ரூபாய், 2016-ல் 38 ரூபாய். கோடிக்கணக்கில் வாங்கினார்கள், விலை சரிந்தது. செக்கு எண்ணெயில் அப்படி நடக்காது, பருப்பு விலைக்குக் கீழே அது இறங்க முடியாது. எது இறங்கக்கூடியது, எது இறங்க முடியாதது என்று தெரிந்தால் பேரம் பேசுவதிலும் ஒரு நியாயம் இருக்கும்.

லேபிளில் எதைத் தேட வேண்டும்

பச்சைப் புள்ளி என்றால் சைவம். அவ்வளவுதான், இயற்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உணவு வியாபாரத்துக்கான உரிமம், அது எல்லா பாக்கெட்டிலும் இருக்கும். சிலர் அந்த எண்ணைக் காட்டியே ‘அரசு சான்று பெற்ற இயற்கைப் பொருள்’ என்கிறார்கள், அதை ஏற்காதீர்கள்.

உணவுப் பொருளில் நீங்கள் தேட வேண்டியது ‘ஜைவிக் பாரத்’ முத்திரை. ஆர்கானிக் என்று சொல்லி விற்கும் உணவுக்கு 2018 ஜூலை முதல் இந்த விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. இதற்குள் இரண்டு வழி. ஒன்று மூன்றாம் தரப்பு ஆய்வாளர் வந்து பார்த்துக் கொடுக்கும் சான்று, அதில் ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரை இருக்கும். நம் மாநிலத்தில் இந்த வேலையைக் கோவையில் இருக்கும் விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் செய்கிறது. இன்னொன்று பிஜிஎஸ், விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் முறை. அதில் ‘பிஜிஎஸ் கிரீன்’ என்று இருந்தால் நிலம் இன்னும் மாறுதல் காலத்தில் இருக்கிறது, ‘பிஜிஎஸ் ஆர்கானிக்’ என்றால் முழுதாக மாறிவிட்டது. எனக்குக் கிரீன் முத்திரை உள்ளவரிடம் வாங்குவதில் கூடுதல் பிரியம், மேலே சொன்ன அந்த நஷ்ட காலத்தில் நிற்பவர் அவர்தான்.

இயற்கை, ஹெர்பல், ஃபார்ம் ஃப்ரெஷ், கெமிக்கல் இல்லாதது, பூமிக்கு உகந்தது: இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் தன்னளவில் எந்தச் சான்றும் கிடையாது. தண்ணீரும் கெமிக்கல்தான். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது; ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று சொன்னால் எதில், எந்த அளவில் என்று விளக்க வேண்டும், ஆதாரம் வைத்திருக்க வேண்டும், அதை விளம்பரத்திலோ க்யூஆர் கோடு வழியாகவோ காட்ட வேண்டும். ஆகவே அந்த வேப்பிலைப் பாட்டிலில் க்யூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். வெறும் கம்பெனி முகப்புப் பக்கம் திறந்தால் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடலாம். ஏமாற்றுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

துணியில் ஜிஓடிஎஸ் முத்திரை என்றால் பருத்தி விளைந்த இடம் முதல் சாயப்பட்டறை வரை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது முடிந்த துணியில் தீங்கான பொருள் இருக்கிறதா என்று சோதித்தது மட்டும், வயலைப் பற்றிப் பேசாது. சான்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதற்கு ஒரு சம்பவம்: 2020-ல் இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலி ஆவணத்தில் ஆர்கானிக் என்று காட்டப்பட்டிருந்ததை ஜிஓடிஎஸ் அமைப்பே கண்டுபிடித்து வெளியிட்டது. லேபிளில் இருக்கும் உரிம எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். 2,000 ரூபாய்க்குச் சட்டை எடுக்கும்போது அதைக்கூடப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. உடனே கடைகளில் துணி மாதிரியே ஒரு பை வந்தது, கலர் கலராக, மெல்லிசாக, தொட்டால் சொரசொரப்பாக. ரொம்பப் பேர் அதைத் துணி என்றே நினைத்து ஐந்து பத்து ரூபாய் கொடுத்து வாங்கினார்கள், நானும்தான். அது நான்-வோவன், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டித் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும், இது சுருண்டு உருகி முத்து முத்தாகத் திரளும்.

மக்கும் பை என்று விற்பதிலும் கவனம் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும். சான்று இருந்தாலும் அது உரம் தயாரிக்கும் ஆலையில், 50 டிகிரிக்கு மேல் சூட்டில் மக்குவதற்காகச் செய்தது. வீட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் தோண்டினால் பெரும்பாலும் பை பையாகவே இருக்கும்.

அப்போ பருத்திப் பைதானே? ஆமாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் பருத்திப் பை நல்லதாக இருக்க வேண்டும் என்றால் அதை 131 தடவை பயன்படுத்தியாக வேண்டும். பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் நூற்பும் நெசவும் சாயமும் வேண்டுமே. வாரம் ஒரு தடவை கடைக்குப் போனால் இரண்டரை வருடம். வீட்டில் ஏற்கெனவே எட்டுத் துணிப்பை தொங்கும்போது அழகாக இருக்கிறது என்று ஒன்பதாவதை 250 ரூபாய்க்கு வாங்குவது யாருக்கும் உதவாது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஆரம்பித்தார்கள், இயந்திரத்தில் பத்து ரூபாய் போட்டால் பை வரும். அது நல்ல காசு. அதைவிட நல்லது அப்பாவின் பழைய வேட்டியை மடித்துத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து நாலு பை தைத்து வாங்குவது.

கூடுதல் போலத் தெரிந்து, கூடுதல் இல்லாதவை

சில பொருளில் கடையில் கொடுப்பது அதிகம், மொத்தத்தில் குறைவு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாளைக்கு 12 மணி நேரம், வருடத்தில் 300 நாள் என்றால் மிச்சம் 162 யூனிட், யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 970 ரூபாய் சொச்சம். ஃபேன் விலையில் வித்தியாசம் 1,500 என்றால் ஒன்றரை வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். வீட்டு மின்சாரமே இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஜனவரி முதல் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம், அதில் எண்களைப் பார்த்தே வாங்கலாம்.

மாதவிடாய்க் கப் இன்னும் தெளிவான கணக்கு. ஒன்று 400 ரூபாய், ஒழுங்காகக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தினால் பல வருடம் வரும். நாப்கினுக்கு மாதம் 100 ரூபாய் ஆகிறது என்றால் நாலு மாதத்தில் சரியாகிவிடும். கேரளத்தில் கும்பளங்கி என்ற கிராமப் பஞ்சாயத்தே 2022-ல் நாப்கின் இல்லாத பஞ்சாயத்தாக ஆனது, பெண்களுக்குக் கப் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுத்துத்தான் அது முடிந்தது. என் தங்கை முதல் இரண்டு மாதம் சிரமப்பட்டாள், மூன்றாவது மாதம் பழகிவிட்டது. உடனே ஒத்துவரவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விற்பவரிடம் பேசுவது எப்படி

லேபிளைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஈரோட்டுப் பக்கம் நாங்கள் போகும் ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தையில் ஒரு அக்கா கீழே சாக்கு விரித்துக் காய் வைத்திருப்பார். சான்று கிடையாது, போர்டு கிடையாது. ஒரு வாரம் போனபோது கத்திரிக்காயைக் காணவில்லை.

“ஏனுங்க்கா, இன்னைக்குக் கத்திரிக்கா இல்லீங்களா?”

“இல்ல கண்ணு. புழு ஏறிருச்சு. வேப்பங்கொட்டைக் கரைசல் ரெண்டு தடவ அடிச்சேன், கேக்கல. இருக்கறது பூராம் ஓட்டக்காய், அத உங்களுக்கு எப்படிக் குடுக்கறது, மாட்டுக்குப் போட்டுட்டேன். அடுத்த வாரம் வாங்க சாமி.”

எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து புதிதாக யாரிடம் வாங்கினாலும் நான் முதலில் கேட்பது ‘இந்த வாரம் என்ன இல்லை?’ என்றுதான். உண்மையாகவே விளைவிப்பவரிடம் எப்போதும் ஏதாவது ஒன்று இல்லாமல் இருக்கும். மழை மாதத்தில் தக்காளி, கோடையில் கேரட் என்று வருடம் முழுக்க ஒரே அளவில் பளபளப்பாக எல்லாக் காயும் ஒருவரிடம் இருக்கிறது என்றால் அது மொத்த மார்க்கெட்டிலிருந்து வந்த காய்.

அப்புறம் பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். செய்பவர் நிறுத்த மாட்டார். மீன் அமிலம், இஞ்சி பூண்டுக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் என்று பத்து நிமிடம் பேசுவார், எது பலிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார். ‘எல்லாம் இயற்கைதான்’ என்று ஒரே வரியில் முடிப்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஊர், வந்து பார்க்கலாமா என்று கேட்டால் விளைவிப்பவருக்குச் சந்தோஷம்தான் வரும். சிறு விவசாயி தானே நேரடியாக விற்கும்போது சான்றிதழ் கட்டாயம் இல்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது, அதனால் சான்று இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சந்தேகப்படாதீர்கள். அந்தக் கட்டணமும் காகித வேலையும் ஒரு ஏக்கர்க்காரருக்குப் பெரிய சுமை.

இவரிடம் பேரம் பேசாதீர்கள். வேப்பிலைப் பாட்டிலுக்கு வாய் திறக்காமல் 80 ரூபாய் கூடுதல் கொடுத்துவிட்டு, சாக்கில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கீரைக்கட்டுக்கு 5 ரூபாய் குறைக்கச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

எதில் ஆரம்பிப்பது

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற நினைத்தால் மூன்றாவது மாதம் கையைக் கடிக்கும், எல்லாவற்றையும் விட்டுவிடுவோம். தினமும் அதிக அளவில் உள்ளே போகும் பொருளில் ஆரம்பியுங்கள்: எண்ணெய், அரிசி, கீரை. கீரையில் கூடுதல் விலை கட்டுக்கு ஐந்து பத்து ரூபாய்தான். பாத்திரம் கழுவும் லிக்விட், மூங்கில் பல்துலக்கி, தேங்காய் ஓட்டுக் கிண்ணம் எல்லாம் என் பட்டியலில் கடைசி. இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி டப்பா வாங்குவது பட்டியலிலேயே இல்லை, டப்பா உடையும் வரை அதில் பருப்பு போடலாம். வருமானம் இடம் கொடுக்காத வீட்டில் ரேஷன் அரிசியும் பாக்கெட் எண்ணெயும்தான் நடக்கும், அவர்களிடம் போய் இதையெல்லாம் உபதேசம் பண்ண வேண்டாம்.

கூடுதல் விலையைக் குறைக்க வழியும் உண்டு. தை அறுவடை முடிந்த கையோடு இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்து விவசாயியிடமே மூட்டையாக அரிசி எடுத்தால் கடைக்காரர் பங்கு மிச்சமாகும். அரிசியில் வசம்புத் துண்டு இரண்டு போட்டு வைத்தால் வண்டு அண்டாது. எண்ணெய்க்குக் கடலை மலிவாக வரும் மாதத்தில் பருப்பை நீங்களே வாங்கிக் காயவைத்துச் செக்குக்குக் கொண்டு போங்கள், ஆட்டுக்கூலி மட்டும் கொடுத்தால் போதும், புண்ணாக்கை அவரிடமே விட்டால் கூலியிலும் கழித்துக்கொள்வார். பாட்டில் காசும் வேண்டாம், வீட்டு எவர்சில்வர் கேனையே எடுத்துப் போகலாம். கேனை முந்தின நாளே கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள், உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஒரே மாதத்தில் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும்.